பலர் கூடி எழுதும் கலைக்களஞ்சியமும் புதியவர் பிழைகளும்

யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் அபிதானகோசத்தை வெளியிட்டார். எட்டாண்டுகளின் பின்னர், சென்னையில் தமிழாசிரியராக விளங்கிய ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதானசிந்தாமணி வெளிவந்தது. தனி மனிதர் தம் வாணாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு இயற்றிய நூல்கள் இவை. பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக அமைந்து 1954 தொடக்கம் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த தமிழ்க் கலைக்களஞ்சியமோ துறைவல்லார் பலரிடம் கட்டுரை வாங்கி, செப்பஞ்செய்து அச்சேற்றப்பட்டது. ஆக்கிய முறை வேறாயினும் இம்மூன்றிற்கும் பொதுவாய இயல்பொன்று உண்டு. எழுதுவோர் யாவர் என்பது நூல் அச்சேறு முன்னரே முடிவாகிவிட்டது. படிப்பவர் ஒருவர் பிழை கண்டாராயின், பதிப்பாசிரியருக்குக் கடிதம் விடுத்து அடுத்த பதிப்பை எதிர்நோக்கியிருத்தலன்றி வேறு செய்தற்கில்லை.

2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தொடங்கிய விக்கிப்பீடியாவில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. அமெரிக்கரான ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் அதற்கு முந்திய ஆண்டில் நூபீடியா என்னும் கலைக்களஞ்சியம் ஒன்றை இணையத்தில் நிறுவியிருந்தனர். அதன்கண் ஒரு கட்டுரை வெளிவருதற்கு அறிஞரின் ஏழுபடி ஆய்வைக் கடத்தல் வேண்டும். முறை செம்மையானதே, ஆயினும் ஓராண்டு கழிந்தும் முற்றுப்பெற்ற கட்டுரைகள் மிகச் சிலவே. அதற்குக் கட்டுரைகளை விரைந்து ஆக்கித்தரும் துணைக்கருவியாக நினைக்கப்பட்டதே விக்கிப்பீடியா. துணை முதலை விழுங்கியது; 2003இல் நூபீடியா மறைந்தது. ‘விக்கி’ என்பது ஹவாய்த் தீவு மொழியில் விரைவைக் குறிக்குஞ் சொல். படிப்போரே திருத்தக்கூடிய முதலாவது தளத்தை 1995இல் அமைத்த வார்ட் கன்னிங்காம், ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய சிறு பேருந்தின் பெயரை நினைந்து அச்சொல்லைத் தம் தளத்துக்கு இட்டார். பெயரின் பொருளை ஈண்டு நினைவிற் கொள்ளல் நன்று. புதியவர் இழைக்கும் பிழைகளுட் பெரும்பாலன விரைவினின்றே பிறக்கின்றன.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்தெம்பரில் தோன்றியது. அதன் தொடக்க காலந்தொட்டு ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி அதனை நிலைநிறுத்தியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் என்பது ஈழத்தவர் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. 2017இல் அக்களஞ்சியம் ஓரிலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. கல்லூரி மாணாக்கர் ஒப்படை எழுதப் புகுந்தவுடன் முதலில் நாடுவது அதனையே என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். எனவே அதனைப் படித்தல் தகுமோ தகாதோ என்னும் வழக்கு இன்று பயனற்றது. அது எவ்வாறு எழுதப்படுகின்றது, எழுதப் புகும் புதியவர் எவ்விடத்திற் சறுக்குகின்றார் என்பன ஆராயத்தக்கன.

அங்கே ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ‘தொகு’ என்னும் சொல் காணப்படும். அதனைத் தொட்டவுடன் பக்கம் எழுதுதற்குரிய நிலையில் திறக்கின்றது. மாற்றத்தைச் செய்து வெளியிட்டவுடன் உலகம் முழுவதும் புதிய வடிவத்தையே காண்கிறது. பலரும் இவ்வளவோடு நின்று விடுகின்றனர். ஆனால் அதே தலைப்பின் அருகே ‘வரலாறு’ என்றோர் இடமும் உண்டு. அக்கட்டுரை தோன்றிய நாள்முதல் அதிற் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயர் அல்லது அவர் கணினியின் எண்முகவரி முதலிய அடையாளத்தோடும் நாள், நேரம் என்பவற்றோடும் அங்கே நிரல்பட நிற்கும். எந்த இரு வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கலாம்; பழையதொன்றை ஒரு நொடியில் மீட்டும் விடலாம். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் காலத்தில் இவ்வசதி இருந்திருப்பின் நம் பதிப்பாசிரியர்கள் எத்துணை மகிழ்ந்திருப்பர்! சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊரூராகத் தேடிய ஏடுகளை ஒப்பிட்டு, இது மூலபாடம், இது எழுதினோன் பிழை, இது இடைச்செருகல் என உய்த்துணர வேண்டியிருந்தது. இங்கோ செருகியவர் தாமே தம் சுவட்டை விட்டுச் செல்கின்றார்.

புதியவரின் முதற்பிழை இதனை அறியாமையே. பக்கம் திறந்தது கண்டு வியந்து, மெய்யாகவே மாறுமோ என்று சோதிக்க விரும்பித் தம் பெயரையோ நண்பன் பெயரையோ நடுவில் எழுதிவிடுவர். சிலர் ஒரு பந்தியை அழித்துப் பார்ப்பர். இதற்கெனவே ‘மணல்தொட்டி’ என்றொரு பயிற்சிப் பக்கம் வைக்கப்பட்டுள்ளது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதி அழித்துப் பழகியதை நினைவூட்டும் அப்பெயரைத் தேர்ந்தவர்கள் வாழ்க. இவ்வகைப் பிழை தீங்கற்றது. கண்டவர் மீட்டுவிட்டால் முடிந்தது.

எப்பொழுதும் அவ்வாறு முடிவதில்லை என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்கப் பத்திரிகையாளரும் 1961இல் ரொபேர்ட் கெனடியிடம் பணியாற்றியவருமாகிய ஜோன் சீகன்தாலரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்று 2005 மே மாதத்தில் தோன்றியது. கெனடி உடன்பிறந்தார் இருவரின் கொலைகளோடும் அவர் தொடர்புற்றவரென ஒரு காலத்திற் கருதப்பட்டதாக அதில் எழுதப்பட்டிருந்தது. முழுப்பொய்யான இச்செய்தி ஏறத்தாழ நான்கு மாதங்கள் எவர் கண்ணிலும் படாது கிடந்தது. சீகன்தாலர் அவ்வாண்டு நவம்பரில் நாளிதழொன்றில் தம் மனக்கொதிப்பை எழுதிய பின்னரே உலகம் அதனை அறிந்தது. எழுதியவர் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டபோது கூறிய விளக்கம் கருதத்தக்கது. அத்தளம் வேடிக்கைக்காக நடத்தப்படுவதென அவர் நினைத்தாராம். உடன் பணிபுரிபவர் ஒருவரை ஏமாற்றிச் சிரிக்கவே எழுதினாராம். பகைமையன்று, தாம் நிற்கும் இடம் யாதென்று அறியாமையே ஒரு முதியவரின் நற்பெயரைக் கறைப்படுத்தியது. அடுத்த மாதமே, பதிவு செய்யாதோர் ஆங்கில விக்கிப்பீடியாவிற் புதுக்கட்டுரை தொடங்குதல் தடுக்கப்பட்டது. உயிரோடிருப்போரைப் பற்றிய கட்டுரைகளுக்கு இறுக்கமான விதிகளும் பின்னர் வகுக்கப்பட்டன.

எனினும் அறிவிலார் செய்யும் பிழையினும் அறிவுடையார் செய்யும் பிழையே ஆராய்தற்கு இனியது. கற்றவர் ஒருவர் அக்களஞ்சியத்துட் புகும்போது, ‘நான் அறிந்ததை எழுதுகின்றேன்’ என்னும் துணிவோடு புகுகின்றார். அங்குள்ள விதியோ வேறு. ஒரு கூற்று உண்மையாயிருத்தல் மட்டும் போதாது. நம்பத்தக்க நூலிலோ இதழிலோ அது முன்னரே வெளிவந்திருத்தல் வேண்டும், படிப்பவர் அந்நூலை எடுத்துச் சரிபார்க்கக் கூடியதாய் இருத்தல் வேண்டும். எழுதுபவரின் சொந்த ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. புதியவருக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால் எழுதுபவர் யாரென்று அறிய இயலாத ஓரிடத்தில் அவருடைய புலமையை எதைக்கொண்டு அளப்பது? பேராசிரியரும் பாடசாலைச் சிறுவனும் ஒரே கதவால் நுழைகின்றனர். ஆதலின் அளவுகோல் ஆளிடமிருந்து நூலுக்கு மாற்றப்பட்டது.

இவ்விதியின் கூர்மையைப் புகழ்பெற்ற நாவலாசிரியர் பிலிப் றொத் 2012இல் உணர்ந்தார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நாவலொன்றின் கதைத்தலைவன் எழுத்தாளர் அனற்றோல் புரொயார்டை மனத்திற்கொண்டு படைக்கப்பட்டவனென்ற குறிப்பை ஆங்கில விக்கிப்பீடியாவிற் கண்டு, அது தவறென்று நீக்கக் கோரினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த தம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்த நிகழ்ச்சியே நாவலுக்கு வித்து என்பது அவர் கூற்று. நூலாசிரியரே அந்நூலை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை, ஆயினும் வேறொரு சான்றும் வேண்டும் என்று விடை வந்தது. சினமுற்ற றொத், நியூ யோர்க்கர் இதழிற் பகிரங்கக் கடிதமொன்றை நீளமாக எழுதினார். அக்கடிதம் அச்சானவுடன் அதுவே சான்றாகிவிட்டது. கட்டுரையும் திருத்தப்பட்டது. கேட்டவர் நகைப்பர். ஆயினும் இருபுறமும் நோக்குதல் வேண்டும். திறனாய்வாளர் சிலர் புரொயார்டை நினைவுகூர்ந்து எழுதியது மெய். அவர்கள் அவ்வாறு எழுதினர் என்னுஞ் செய்தியை நூலாசிரியரின் விருப்பத்திற்காக அழித்தல் கலைக்களஞ்சியத்தின் தொழிலன்று. அவர் மறுத்தார் என்பதையும் சேர்த்தெழுதுதலே அதன் தொழில்.

வரலாற்றுப் பேராசிரியர் திமொதி மெசர் குரூஸ் பட்ட பாடு இதனினும் கடியது. 1886 மே 4ஆம் நாள் சிக்காகோ நகரின் ஹேமார்க்கற் சதுக்கத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பும் அதன்பின் தொழிலாளர் தலைவர்கள் மீது நடந்த வழக்கும் மே தின வரலாற்றோடு பிணைந்தவை. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோரைக் குண்டோடு தொடர்புபடுத்தும் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று கட்டுரை கூறிற்று. வழக்கேடுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பேராசிரியர், சான்றுகள் முன்வைக்கப்பட்டன என்று கண்டு அவ்வசனத்தை நீக்கினார். சில நிமிடங்களில் அது மீண்டும் வந்து அமர்ந்தது. மூல ஆவணமன்று, அச்சான ஆய்வுநூலே வேண்டும் என்றனர். 2011இல் அவரது நூல் வெளிவந்தது. அதனை மேற்கோளாக்கித் திருத்தினார். பெரும்பாலான வரலாற்றாசிரியர் கருத்துக்கு ஒருவரின் கருத்து ஈடாகாது என்று மறுபடியும் நீக்கினர். 2012இல் இதனை அவர் ஒரு கல்வி இதழில் எழுதிய பின்னரே கட்டுரை மறுநோக்கிற்கு உள்ளாயிற்று. இவ்விடயத்தில் விதி மிகைபடக் கையாளப்பட்டது என்பதே நடுநிலையாளர் கருத்தாகும். புதிய ஆராய்ச்சி எப்பொழுதும் சிறுபான்மையாகவே பிறக்கும். அதற்கு ஒரு வரியேனும் இடமளியாத களஞ்சியம் பழமையின் பேழையாகிவிடும். எனினும் பேராசிரியர் முதன்முதற் செய்தது ஒரு வசனத்தைத் துடைத்தெறிதல். அதனை நிறுத்தி வைத்து, ‘எனினும் வழக்கேடுகள் வேறு கூறுகின்றன’ என்று அருகில் எழுதி, ‘உரையாடல்’ என்னும் பக்கத்திற் காரணங்காட்டியிருப்பின் வழி ஓரளவு எளிதாயிருத்தல் கூடும்.

இனி நம்மவர் நிலைக்கு வருவோம். ஆசிரியர் ஒருவர் தம் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதப் புகுகின்றார் எனக் கொள்வோம். ‘அருள்மிகு’ என்று தொடங்கி, ‘திருவருள் பாலித்துக் கொண்டிருக்கும்’ என்று நடந்து, திருப்பணி செய்த தனவந்தர் ஒவ்வொருவருக்கும் அடைமொழி சூட்டி, தேர்த்திருவிழாவின் காட்சி காணக் கண்கோடி வேண்டும் என்று முடிக்கின்றார். கும்பாபிஷேக மலருக்கு இது மிக ஏற்ற நடை. கலைக்களஞ்சியத்தில் இதனைக் காணும் மற்றொரு தொகுப்பாளர், ‘திரு’, ‘அமரர்’, ‘கலாநிதி’ முதலிய அடைகளைக் களைந்து, புகழ்மொழிகளை நீக்கி, எஞ்சிய நான்கு வரிகளுக்கும் சான்று வேண்டும் எனக் குறியிட்டுச் செல்வார். எழுதியவர் மனம் புண்படுகின்றது. தம் தெய்வத்தையே ஒருவர் இகழ்ந்தாற்போல் எண்ணுகின்றார். தமிழ் மரபில் உயர்வுமொழி மரியாதையின் அளவு. அதனை நீக்குதல் அவமதிப்பெனத் தோன்றுவது இயல்பே. ஆனால் அங்கே எழுத்து யாருக்கும் உரிய சமர்ப்பணமன்று. எப்பொழுது கட்டப்பட்டது, எந்நூலிற் குறிக்கப்பட்டது, எத்தனை நாள் திருவிழா என்பவற்றை அறியவே தொலைநாட்டிலிருக்கும் ஒருவர் அப்பக்கத்தைத் திறக்கின்றார்.

தாம் கற்ற கல்லூரியையும் தம் குருவையும் தம்மையும் பற்றி எழுதுதலும் இவ்வினத்ததே. நூலொன்றிலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோ பந்தி பந்தியாகப் பெயர்த்து வைத்தல் அதனினும் பெரிய குற்றம். அது பதிப்புரிமை மீறலாதலால் கண்டவுடன் நீக்கப்படும். ‘எங்கிருந்து எடுத்தேன் என்று குறிப்பிட்டேனே’ என்று வாதிடுவோர் உளர். மேற்கோள் காட்டுதல் வேறு, முழுதும் படியெடுத்தல் வேறு. பாடசாலை ஒப்படைகளில் இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்தாமையே இத்தவறுக்கு ஒரு காரணம் எனலாம்.

தம் எழுத்து நீக்கப்பட்டது கண்ட புதியவர் அடுத்துச் செய்வது யாது? மீண்டும் அதையே இடுகின்றார். மற்றவர் மீண்டும் நீக்குகின்றார். கிணற்றடியில் இரு வீட்டார் துலாக்கயிற்றை மாறி மாறி இழுப்பது போன்ற இப்போர் நள்ளிரவு வரை நீள்வதும் உண்டு. ஒரே பக்கத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துள் மூன்று தடவைக்கு மேல் பிறர் மாற்றத்தை மறுத்து மீட்டவர், சொன்னது சரியேயாயினும், தடைக்குள்ளாகலாம் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி. உரையாடற் பக்கத்தில் ஒரு வினாவை எழுதி ஒரு நாள் பொறுத்திருத்தலே அங்கு வழக்கம். தமிழ் விக்கிப்பீடியாவினர் பொதுவான ஆலோசனைக்கென வைத்திருக்கும் பக்கத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஊர்ப்பொதுவில் கூடிப் பேசும் மரபை உணர்த்தும் அப்பெயரைக் கண்டும் அங்கே செல்லாது தனித்து மல்லாடுவோரே பலர்.

மொழியைப் பற்றிய பிழைக்கு ஸ்கொட்லாந்து ஓர் அச்சந்தரும் எடுத்துக்காட்டு. ஸ்கொட்ஸ் என்பது ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய, ஆயினும் தனக்கென இலக்கியமுடைய மொழி. அம்மொழி விக்கிப்பீடியாவில், அம்மொழி பேசாத அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பன்னிரண்டு வயதளவில் எழுதத் தொடங்கினான். ஆங்கில வசனங்களை எடுத்து, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி, எழுத்தமைப்பை வேறாக்கி, சில ஆண்டுகளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை ஆக்கிவிட்டான். அங்கே நிர்வாகியாகவும் ஆனான். 2020ஆம் ஆண்டில் இது வெளிப்பட்டபோது அம்மொழியாளர் திகைத்தனர். அவன் நோக்கம் தீயதன்று; உதவி செய்வதாகவே நம்பினான். அவன்மீது பொழியப்பட்ட வசைகள் அளவு கடந்தன. ஆனால் ஏழாண்டுகளாக அதனைப் படித்துத் திருத்துதற்கு அம்மொழி அறிந்தோர் போதிய அளவில் அங்கே இல்லாதிருந்தமைக்கு அச்சிறுவனா பொறுப்பு? சிறிய மொழிகளுக்குரிய இடர் இதுவே. பெருமொழியில் பிழை வந்தால் ஆயிரம் கண்கள் காணும். காவலற்ற தோட்டத்தில் நட்டதெல்லாம் பயிரென நிற்கும்.

தமிழுக்கும் இதனையொத்த சோதனை ஒன்று வந்தது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. நீண்ட கட்டுரைகள் பல வந்தன. நடையோ பொறியின் நடை. இங்கு வேண்டாத பொருள்கள் பலவும் அவற்றுட் கலந்திருந்தன. தமிழ் விக்கிப்பீடியர் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, குறைகளை எடுத்துரைத்து, நிறுவனத்தோடு பேசி முறைகளைச் சீர்செய்ய முயன்றனர். 2010இல் போலந்தில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டிலும் தம் மதிப்பீட்டை முன்வைத்தனர். செல்வமும் கருவியும் படைத்த நிறுவனமும், ஓரிடத்திற்குப் புதிதாயின், புதியவர் பிழையையே செய்கின்றது. இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிப்பொழுதிற் கட்டுரை ஆக்கித் தருகின்றன. இல்லாத நூலுக்குப் பக்க எண்ணும் தருகின்றன. அதனை நம்பி ஒட்டிவிடும் மாணாக்கர்க்கு ஸ்கொட்ஸ் கதையைச் சொல்லுதல் நலம்.

பழையவர் பக்கத்துப் பிழையையும் கூறாதொழிதல் முறையன்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஊக்கமுடன் தொகுப்போர் தொகை 2007இல் உச்சத்தை அடைந்து பின்னர் இறங்கலாயிற்று. 2013இல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தைத் தேடியது. நாசகாரரை விரட்டவென ஆக்கிய தன்னியக்கக் கருவிகளும் ஆண்டுக்காண்டு கடினமாகிய விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவரையும் வாயிலிலேயே திருப்பியனுப்பின என்பது அதன் முடிவு. முதல் மாற்றம் ஒரு சொல்லும் கூறப்படாமல் நீக்கப்பட்டவர் மறுமுறை வருவதில்லை. ‘புதியவரைக் கடிக்க வேண்டாம்’ என்னும் பொருள்பட அங்கே ஒரு வழிகாட்டல் உண்டு. ஒருவர் செய்ததை முதலில் நல்லெண்ணத்தாற் செய்ததாகக் கொள்க என்பது இன்னொன்று. எழுதி வைத்த விதிக்கும் நடக்கும் விதிக்கும் இடைவெளி இருத்தல் எங்கும் உள்ளதே.

தன்னார்வத் தொண்டரால் ஆகிய பெருநூல்களின் வரலாற்றில் இஃது புதிதுமன்று. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்கு 1879 முதல் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் மறே, நூல்களைப் படித்துச் சொல்லாட்சிகளைத் துண்டுத்தாளில் எழுதியனுப்புமாறு பொதுமக்களை வேண்டினார். தாள்கள் மலைபோற் குவிந்தன. பார்த்தபொழுது, வழக்கொழிந்த அருஞ்சொல் ஒன்றிற்கு ஐம்பது எடுத்துக்காட்டுகள் இருந்தன. அதன் உறவாகி நாள்தோறும் வழங்கும் சொல்லிற்கோ ஐந்துகூட இல்லை. அனுப்பியவர்கள் அரியதைக் கண்டெடுப்பதே தொண்டு என்று நினைத்துவிட்டனர். மறே அவர்களை விலக்கவில்லை; எளிய சொற்களையும் குறித்தனுப்புமாறு புதிய அறிவுறுத்தல் எழுதினார். அகராதி 1928இல் முற்றுப்பெற்றது.

ஈழத்துத் தமிழர்க்குச் சான்று விதி தனியானதொரு துன்பத்தைத் தருகின்றது. கோயிலின் பழைமையை அறிந்தவர் ஊரின் முதியவர். அவர் கூறுவது எந்நூலிலும் இல்லை. இருந்த நூல்களும் பல அழிந்தன. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. சான்று எங்கே என்று கேட்பவருக்கு இவ்வூரவர் எதனைக் காட்டுவர்? இக்குறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. எழுத்தினும் வாய்மொழியை நம்பிய மக்கள் எல்லார்க்கும் உரியது. 2011இல் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும், ஊர்வழக்கங்களை அறிந்தோரின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து அதனையே சான்றாகக் காட்டும் முயற்சி ஒன்று நடைபெற்றது. மலையாளம், இந்தி, செபெடி ஆகிய மொழிகளில் அதனைச் செய்து பார்த்தனர். ஏற்றோரும் உண்டு, ஐயுற்றோரும் உண்டு. விதி இன்னும் அச்செழுத்தின் பக்கமே சாய்ந்து நிற்கின்றது.

ஆகவே கோயிலைப் பற்றி எழுதப் புகுந்த அவ்வாசிரியர்க்கு எஞ்சியுள்ள வழி நீண்டது. முதியவரிடம் கேட்டதை முறையாக எழுதி, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து, இத்தகைய ஆண்டு மலர் ஒன்றிலோ வேறோர் இதழிலோ முதலில் அச்சேற்ற வேண்டும். ஊரில் எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய கும்பாபிஷேக மலரோ விழாத் துண்டுப்பிரசுரமோ கிடக்கின்றதா என்று தேட வேண்டும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்துவரும் நூலகம் என்னும் திட்டம் 2005இல் தன்னார்வலராற் தொடங்கப்பட்டது. பாடசாலை மலர்களும் கோயில் மலர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே உள. அவற்றுள் ஒன்றில், கோபுரத் திருப்பணி தொடங்கிய ஆண்டு பற்றிய ஒரு வரி அகப்படலாம். அவ்வரியைத் தம் சொற்களில் எழுதி, மலரின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் கீழே குறித்து, மாற்றச் சுருக்கத்தில் ‘சான்று சேர்க்கப்பட்டது’ என்று எழுதி வெளியிடுவாராயின், முன்னர் இரண்டு பந்திகளை நீக்கிய அதே தொகுப்பாளர் இவ்வொரு வரியை நீக்க மாட்டார்.